மாமாவின் 'பார்க்கலாம்'

என் அக்கா வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஆயுசில் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதில்லை. ஆகா, எப்பேர்ப்பட்ட தங்கமான மனிதர் என்று அதற்குள் உருகிவிடாதீர்கள். முடியாது என்று சொல்லமாட்டார், அவ்வளவுதான். செய்யவும் மாட்டார்.

அதற்கென்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்: "பார்க்கலாம்." கடை வாசலில் வண்டியை நிறுத்திக்கொள்ளட்டுமா என்று பக்கத்துக்கடைக்காரர் கேட்டால் பார்க்கலாம். சங்கத்துக்குச் செயலாளராக நிற்கச் சொன்னால் பார்க்கலாம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும் என்றால், முகமெல்லாம் சிரிப்பாக, பார்க்கலாம் பார்க்கலாம். கேட்டவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார், வேறு ஆள் தேட. இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தாய்ப்பாலோடு உள்ளே போனது.

கண்ணாடிக்கடைக்காரர் 'பார்க்கலாம்' என்று சொல்வதில் உள்ள வேடிக்கையை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால், வரிசையில் கடைசியில் போய் நில்லுங்கள். தெருவே அதைச் சொல்லிச் சிரித்துச் சலித்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நாள் முழுக்க அந்த இருட்டறையில் அவர் செய்யும் வேலை என்ன? வந்தவர் மூக்கில் சோதனை ஃப்ரேமை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு எடுத்து, இன்னொன்றைப் போட்டு எடுத்து, "ஒண்ணாவது தெளிவா, ரெண்டாவது தெளிவா?" என்று கேட்பது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று யாராவது இழுத்தால் விடவேமாட்டார். "அப்படிச் சொல்லக்கூடாது. ஒண்ணா, ரெண்டா? ஒண்ணைச் சொல்லுங்க." ஊரையே இப்படிக் கழுத்தில் துண்டைப் போட்டுக் கேட்பவர், தன் முறை வந்தால் மட்டும் மென்று முழுங்குவார். பின்னறையில் வில்லைகளைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது என் வேலை. மெஷின் சத்தத்தையும் மீறி எனக்கு இது தினமும் காதில் விழும், தினமும் பற்றிக்கொண்டு வரும்.

இப்படியே காலம் தள்ளியிருப்பார். நெட்டை வந்து கெடுத்தான்.

அக்காவுக்கு ஒரே மகள். கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை, நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறாள், வீட்டில் பேர் இன்னும் பாப்பாதான். அவளோடு வேலை பார்க்கிறவன் நெட்டை. வேற்று நாட்டுக்காரன். உயரம் எங்கள் கடை வாசலுக்கு அடங்காது, முதல் நாளே நிலையில் இடித்துக்கொண்டு, நிலையைத் தடவிக்கொடுத்து "மன்னிக்கவும்" என்றான். அப்போதே நான் பேர் வைத்துவிட்டேன். பாப்பாவுக்காக ஒரு வருஷம் உட்கார்ந்து தமிழ் படித்திருக்கிறான். புத்தகத்தில் படித்த தமிழ், ஒரு எழுத்து சிந்தாது.

அன்றைக்கு அவன் வந்தபோது, கடையில் ஒரு பெரியவர் ஒற்றைக் கண்ணில் மட்டும் வில்லையோடு உட்கார்ந்திருந்தார். பாப்பா அவனை அப்பாவுக்கு அறிமுகம் செய்துவைத்தாள். உட்காரச் சொன்னோம். நம்மில் யாராவது என்றால் வெயிலைப் பற்றி, ரோட்டைப் பற்றி, கடைசியாகப் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே விஷயத்துக்கு வருவோம். இவன் உட்காரவே இல்லை. மாமாவின் கண்ணை நேராகப் பார்த்து, "ஐயா, நான் உங்கள் மகளைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறேன். உங்கள் சம்மதம் வேண்டும்" என்றான்.

பெரியவர் வில்லை போடாத கண்ணையும் திறந்து பார்த்தார். மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையிலிருந்த துணியால் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார். அப்புறம் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பார்க்கலாம் தம்பி" என்றார்.

பாப்பாவின் முகம் சுருங்கிப்போனது. நான் மெஷினை நிறுத்தினேன். பெரியவர்கூட 'ஐயோ பாவம்' என்பதுபோல் உச்சுக்கொட்டினார். நெட்டையின் முகம் மட்டும் பளிச்சென்று மலர்ந்தது. "மிக்க நன்றி ஐயா. எப்போது பார்க்கலாம்?" என்று கேட்டான்.

மாமாவை இதுவரை யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். "அது வந்து... ஒரு ஞாயித்துக்கிழமையா..." என்று இழுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு நெட்டை வீட்டு வாசலில் நின்றான். "பார்க்கலாம் என்றீர்கள். பார்க்க வந்தேன்."

அன்று சாயங்காலம் பாப்பாவை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏண்டி, அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவனுக்கு நீ சொல்லலியா?"

"சொல்லமாட்டேன் சித்தி. அவங்க ஊர்ல இல்லன்னா இல்லதான். அப்பா வேணாம்னு சொல்லிட்டா, அதுக்கு மேல தொந்தரவு பண்ணமாட்டேன், ஒதுங்கிக்குவேன்னு முன்னாடியே சொல்லியிருக்கான். சொன்னா செய்றவன். இப்ப அர்த்தம் தெரிஞ்சா நாளைக்கே போயிடுவான்."

"அப்ப உங்க அப்பா?"

"அப்பாவுக்கு வாய்விட்டு இல்லன்னு சொல்ல வராது. அது வர்ற வரைக்கும் இவன் வந்துட்டே இருக்கட்டும். யாரும் வாயத் திறக்காதீங்க."

என் அக்கா மகளா, கொக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவையும் திறக்கவிடவில்லை.

மாமாவுக்கு அவன்மேல் கோபமில்லை, பயம்தான். "நல்ல பையன்தான். ஆனா பேச்சு வேற, சாப்பாடு வேற, பழக்கம் வேற. நம்ம பாப்பா அவங்க வீட்டுல போயி ஊமையாட்டம் உக்காந்திருக்கணுமா?" என்று அக்காவிடம் புலம்பினார். "அப்ப அவன்கிட்ட நேரா சொல்லுங்க" என்றாள் அக்கா. மாமா உடனே தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. முதல் வாரம் சாப்பாட்டில் ஒரு கூத்து. எங்கள் வீட்டில் தட்டு காலியானால், பசி அடங்கவில்லை என்று அர்த்தம். அக்கா உடனே இன்னும் ஒரு கரண்டி வைத்துவிடுவாள். நெட்டையின் வீட்டிலோ தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவரை அவமதித்ததாக அர்த்தம். அப்புறம் கேட்பானேன். அவள் வைக்க, அவன் முடிக்க, அவன் முடித்தானே என்று அவள் வைக்க, இரண்டு பேரும் மல்லுக்கட்டியதில் குழம்புச்சட்டி காலி. கிளம்பும்போது குனிந்து ஷூவை மாட்டமுடியாமல் கையில் எடுத்துக்கொண்டு போனான். "நல்லா சாப்பிடுற புள்ள" என்று அக்கா பூரித்துப்போனாள்.

பாப்பா சொல்லிக்கொடுத்தாள்போல. அடுத்த வாரம் இரண்டு கையையும் தட்டின்மேல் பரப்பி "போதும்" என்றான். அக்காவுக்கு 'போதும்' என்பது பேச்சின் ஆரம்பம்தான், முடிவல்ல. குழம்பு அவன் புறங்கையில் விழுந்தது. அதற்கும் "நன்றி" என்றான்.

அந்த நன்றிதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் வைத்தால் நன்றி, உப்பை நகர்த்தினால் நன்றி. "என்ன இது, கடைக்காரன்கிட்ட பேசுற மாதிரி. வீட்டு மனுசங்களுக்குள்ள யாராவது நன்றி சொல்லுவாங்களா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "அப்ப அவன வீட்டு மனுசன்னு வெச்சுட்டியாக்கா?" அக்கா கரண்டியைக் காட்டி என்னை விரட்டினாள்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, அவன் தட்டைத் தொடவில்லை. சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உப்பு கூடிப்போச்சா, உடம்பு சரியில்லையா என்று அக்கா பதறிப்போனாள்.

"அம்மா, நீங்கள் இன்னும் அமரவில்லை" என்றான்.

"நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன் தம்பி. நீங்க சாப்பிடுங்க."

"அப்புறம் என்றால் எப்போது?"

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகு."

"எங்கள் வீட்டில் சமைத்தவர் அமர்ந்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவோம். போன வாரங்களில் பசி தாங்காமல் தொடங்கிவிட்டேன், அது தவறு. நான் காத்திருக்கிறேன்."

சொன்னால் செய்கிறவன் ஆயிற்றே. உட்கார்ந்தே இருந்தான். பாப்பாவும் கையை எடுத்துவிட்டாள். நானும் எடுத்தேன். மாமா வாய்க்குக் கொண்டுபோன பிடியைத் தட்டிலேயே போட்டுவிட்டு அசடு வழிந்தார். வேறு வழியில்லாமல் அக்கா ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

"குழம்பு நல்லாத்தான் இருக்கு, சூடா சாப்பிட்டா" என்றாள் பிறகு.

கல்யாணமாகி வந்த நாளாக அவள் சமையலை அவள் ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டிருக்கிறாள். எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான். வெட்கமாக இருந்தது, ஆனால் அன்றைக்கு நாங்கள் சிரித்துப் பேசிச் சாப்பிட்டதுபோல் என்றைக்கும் சாப்பிட்டதில்லை. அன்று முதல் அக்கா எங்கள் கட்சி.

அப்புறம் ஜன்னல் விவகாரம். அக்காவின் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைக்க வேண்டும், தாளித்தால் வீடே தும்மும். ஒரு ஜன்னல் வையுங்கள் என்று அவள் கேட்காத வருஷமில்லை. மாமா என்ன சொல்லுவார் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அடுக்களையிலிருந்து இருமிக்கொண்டே, "இந்த வருஷமாவது ஜன்னல் உண்டா?" என்றாள். மாமா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் "பார்க்கலாம்" என்றார்.

நெட்டை தலையை நிமிர்த்தினான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அளவு நாடாவோடு வந்தான். சுவரைத் தட்டினான், காதை வைத்துக் கேட்டான், எந்த இடத்தில் இடித்தால் கூரைக்கு ஆபத்தில்லை என்று பென்சிலால் கோடு போட்டான். "ஐயா, பார்க்கலாம் என்றீர்கள். பார்த்துவிட்டேன். வைக்கலாம். எந்த நாள் உங்களுக்கு வசதி?" மாமா செய்தித்தாளை மடித்து, திரும்பப் பிரித்தார். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது, தள்ளிப்போட அந்த வார்த்தையை விட்டால் வேறு வார்த்தை கிடையாது. அதையும் இவன் பிடுங்கிக்கொண்டான். கொத்தனார் வந்தார், சுவர் இடிந்தது, தூசி பறந்தது, ஜன்னல் வந்துவிட்டது. முதல் நாள் காலை வெயில் அடுப்பு மேடையில் விழுந்தபோது, அக்கா ஒரு வேலையும் இல்லாமல் அங்கேயே நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, "உங்க வீட்டுக்காரர் பரவாயில்லையே, சொன்னபடி செஞ்சுட்டாரே" என்று மாமாவின் காதுபடச் சொன்னாள். மாமா திரும்பிப் பார்த்தார், யாரைச் சொல்கிறாள் என்று.

ஆனால் அந்த ஜன்னல்தான் அவரை உசுப்பியும் விட்டது. "இன்னிக்கு ஜன்னல் வெச்சான், நாளைக்குப் பந்தல் போட்டுடுவான். நான் பார்க்கலாம்னு சொல்லச் சொல்ல அவன் உள்ள வந்துட்டே இருக்கான். இந்த ஞாயித்துக்கிழமை வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா சொல்லிடப்போறேன்" என்றார் என்னிடம்.

சொன்னதோடு நிற்கவில்லை, ஒத்திகையும் பார்த்தார். ஃப்ரேம் போட்டுப் பார்ப்பதற்காகக் கடையில் நாலு பக்கமும் கண்ணாடி மாட்டியிருக்கிறோம். அதன் முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, "முடியாது" என்பார். சத்தம் வராது. மறுபடி செருமி, "முடியாது தம்பி." பின்னால் வந்து நின்ற ஒரு அம்மாள், "ஏங்க, என் கண்ணுக்கு அவ்வளவு மோசமா ஆயிடுச்சா?" என்று கலங்கிப்போனார். அவரைச் சமாதானப்படுத்தி நாற்காலியில் உட்காரவைக்க எனக்குப் பாதி நாள் ஆனது.

நான் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தேன். மனிதர் இந்தத் தடவை சொல்லிவிடுவார்போல் இருந்தது. சொல்லிவிட்டால் நெட்டை போய்விடுவான். பாப்பா அழமாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை, ஆனால் அந்த வீட்டில் அப்புறம் யார் சிரிப்பது?

அதற்குள் வேறு பக்கமிருந்து வந்தது இடி. சனிக்கிழமை நெட்டை தன் கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டது என்று கடைக்கு வந்தான். அந்தக் கண்ணாடியே மாமா சோதித்துக் கொடுத்ததுதான், 'ஒண்ணா ரெண்டா' என்று அவனையும் படுத்தி எடுத்தபின் செய்தது. நான் பின்னறையில் திருகாணி தேடிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு வாடிக்கையாளர், சாயங்காலத்துக்குள் கண்ணாடி வேண்டும் என்று மாமாவிடம் ஒற்றைக் காலில் நின்றார். மாமா "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஆள் பெருமூச்சு விட்டுப் பையை எடுத்தார்.

நெட்டை சும்மா இருக்கக்கூடாதா. "ஐயா, கவலை வேண்டாம். மாலைக்குள் நிச்சயம் கிடைக்கும். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாரே" என்றான்.

அவர் சிரித்தார். "தம்பி ஊருக்குப் புதுசா? பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம். மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லக்கூடாதுன்னு இப்படிச் சொல்றது. இவர் மட்டும் இல்ல, நாம எல்லாரும் அப்படித்தான்."

நான் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நெட்டை கல்லாய் உட்கார்ந்திருந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. திருகாணியைப் போட்டுக் கொடுத்தேன். நன்றி சொல்ல மறந்துவிட்டுப் போனான். அவன் நன்றி சொல்லாதது அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை வருவானா மாட்டானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவள் தலை வாராமல் கூடத்தில் தெருப்பக்க ஜன்னலோரம் நின்றாள். மாமா ஒன்றும் தெரியாமல் கூடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

வந்தான். இந்தத் தடவை நிலையில் இடிக்காமல் நன்றாகக் குனிந்து வந்தான். சாப்பாடு போட்டாகிவிட்டது, அக்காவும் உட்கார்ந்தாகிவிட்டது. ஜன்னலை விட்டு நகராத பாப்பாவும் அவனும்தான் உட்காரவில்லை.

"ஐயா, ஒன்று சொல்லவேண்டும்" என்றான். "பார்க்கலாம் என்பதன் பொருள் எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. முதல் நாளே நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். நான் ஆமாம் என்று கேட்டுக்கொண்டேன். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அழைக்காத வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். ஜன்னலுக்கும் மன்னிக்கவேண்டும், அதுவும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். நான் சுவரை இடித்துவிட்டேன்."

மாமா ஒத்திகை பார்த்த வார்த்தைக்கு இனி வேலையே இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், எல்லாம் அவர் நினைத்தபடி முடிந்துவிடும். எனக்கு அவர் கழுத்தைத் திருகலாம்போல் இருந்தது.

மாமா அடுக்களைப் பக்கம் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் கூடம்வரை வந்து அக்காவின் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"தம்பி, ஜன்னலுக்கு நான் பார்க்கலாம்னு சொன்னப்ப நீங்க என்ன நெனச்சீங்க?"

"நீங்கள் செய்யப்போகிறீர்கள் என்று நினைத்தேன்."

"ஏன் அப்படி நெனச்சீங்க?"

நெட்டைக்குக் கேள்வியே புரியவில்லை. "நீங்கள் சொன்னீர்களே" என்றான்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். சோற்றை விரலால் ஒதுக்கினார். "நான் ஒண்ணு சொன்னா அதச் செய்வேன்னு இந்த வீட்டுல யாரும் நெனச்சதில்ல தம்பி. எனக்கே அந்த நெனப்பு இருந்ததில்ல" என்றார். அது ஒத்திகை பார்த்த குரல் இல்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், தாளிப்புக் காரம் என்று சொல்லவும் வழியில்லை, ஜன்னல்தான் இருக்கிறதே.

மாமா நிமிர்ந்து, பக்கத்திலிருந்த மணையை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. சோறு ஆறுது."

பாப்பா ஜன்னலோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். எங்களுக்கு அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை. அந்த ஒரு சொல்லில் முகூர்த்தமே முடிந்த மாதிரி.

நெட்டை நின்றுகொண்டேதான் இருந்தான். பாவம், எங்கள் வார்த்தை ஒன்றை நம்பிச் சூடுபட்டவன். எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாமாவின் கண்ணை நேராகப் பார்த்து, மாமாவே அவனைக் கேட்ட அதே தொனியில் கேட்டான்: "ஐயா, மாப்பிள்ளை என்றால் ஆமாம் என்று பொருளா, இல்லை என்று பொருளா? ஒன்றா, இரண்டா? ஒன்றைச் சொல்லுங்கள்."

மாமா வாயைத் திறந்தார், மூடினார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"ஆமா" என்றார். பிறகு, நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோல், இன்னொரு தரமும் "ஆமா" என்றார்.

நெட்டை உட்கார்ந்தான். சாப்பிட்டான். தட்டு காலியானதும் அக்கா கரண்டியோடு எழுந்தாள், "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" அவன் கையைப் பரப்பவில்லை. மாமாவைப் பார்த்தான், முகமெல்லாம் சிரிப்பாக அக்காவைப் பார்த்தான்.

"பார்க்கலாம் அத்தை" என்றான். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.